பிரிக்காத டக்கு

அரை பிளேடின் முனை மஞ்சள் நூலுக்கு அடியில் நுழைந்து ஒரு தையலை அறுத்தது. ஐந்து தையல் விட்டு ஆறாவதை அறுத்தது. இடது கைக் கட்டைவிரல் துணியை இறுக்கிப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டே வர, வலது கை பாவாடையின் சுற்று முழுவதும் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்து நூலின் முனையைப் பிடித்து இழுத்ததும் அது அறுபடாமல் முழுதாக உருவிக்கொண்டு வந்தது. மடிப்பு விரிந்தது. வெயிலும் சோப்பும் படாமல் மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் கடையில் வாங்கிய அன்றைய நீலத்தோடு, பாவாடையின் அடியில் ஒரு கரைபோலத் தெரிந்தது.

உருவிய நூலை விரல்கள் காலி பாபினில் சுற்றிவைத்தன. அடுத்த பாவாடையை எடுத்தன. அதிலும் மஞ்சள். அதற்கடுத்தது ஒரு பையனின் கால்சட்டை. அதன் கீழ்மடிப்பு பிரிந்தது. அப்புறம் ஒரு மெரூன் பாவாடை. பிளேடு அதன் ஓரத்துக்குப் போய் நின்றது. கீழே மஞ்சள் தையல், அதற்கு மேலே பச்சை, அதற்கும் மேலே சிவப்பு. மூன்றும் போட்டபடியே இருந்தன. விரல்கள் மூன்றையும் தடவிப் பார்த்தன. பிளேடு கீழே வைக்கப்பட்டது.

அந்தக் கைகள் மாணிக்கம்மாளுடையவை. ஜவ்வாது மலையில் இலுப்பைக்கொல்லை என்கிற அறுபது வீட்டு ஊரில் அவள் ஒருத்திதான் தையல்காரி. பிள்ளைகளுக்கு எது தைத்தாலும் மூன்று வருஷத்துக்குத் தாங்கும்படி நீளமாக வெட்டி, அதிகப்படியான துணியை மூன்று மடிப்பாக மடித்துத் தைத்துவிடுவாள். அந்த மடிப்புக்குத்தான் டக்கு என்று பெயர். ஒவ்வொரு டக்கையும் ஒவ்வொரு நிற நூலில், பெரிய தையலாகப் போடுவாள். முதல் வருஷம் பிரிக்க வேண்டியது மஞ்சள். அடுத்தது பச்சை. கடைசி சிவப்பு. பொங்கல் முடிந்ததும் ஊர் அம்மாக்கள் பாவாடையோடு பிள்ளையையும் கூட்டி வருவார்கள். அவள் ஒன்றைப் பிரித்துக் கொடுப்பாள்.

இந்த மெரூன் பாவாடையை அவள் தைத்து இரண்டு வருஷம் ஆகிறது. முழங்கால் படும் இடமெல்லாம் தேய்ந்து, கொக்கி பிய்ந்து, நன்றாக உடுத்திய பாவாடை. இந்நேரம் மஞ்சளும் பச்சையும் பிரிந்திருக்க வேண்டும்.

தையலை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புளி உலுக்கும்போது கிளை முறிந்து கணவன் மாதையன் விழுந்து இறந்த வருஷம் அரசாங்கம் ஒரு மெஷின் கொடுத்தது. மூன்று மாதம் அது சாக்கு மூடிக் கிடந்தது. பிறகு ஒருநாள் மாதையனின் சட்டை ஒன்றைப் பிரித்துத் தனித்தனித் துண்டுகளாகத் தரையில் பரப்பினாள். எது எதோடு சேருகிறது என்று பார்த்து மறுபடி தைத்தாள். கை தலைகீழாக ஏறியது. பிரித்தாள். காலர் முறுக்கிக்கொண்டது. பிரித்தாள். பதினோராவது தடவை அது சட்டையானது. அதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். பிரித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். அளக்காமல் எதையும் வெட்டமாட்டாள்.

இப்போது அவள் முன்னால் இருந்த குழப்பம் அளந்தும் தீராதது.

பத்து நாள் முன்பு, ஊர் இளைஞர் மன்றத்துச் செயலாளன் சரவணகுமார் இரண்டு பெரிய துணிக்கட்டோடு அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். பின்னாலிருந்து மன்றத்து நதியா இறங்கினாள். இருவரும் மலையிலிருந்து கீழே போய்ப் பட்டம் படித்து வந்தவர்கள். மன்றம் வருஷா வருஷம் கபடிப் போட்டி நடத்திக் கேடயம் கொடுக்கும். இந்த வருஷம் கேடயம் வேண்டாம், பள்ளியில் படிக்கும் முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் ஆண்டு விழாவுக்குப் புது உடுப்பு கொடுப்போம் என்று பேசி முடித்திருந்தார்கள். திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போயிருந்த பையன்களும் பணம் அனுப்பிச் சேர்ந்துகொண்டார்கள். துணி கண்ணமங்கலத்தில் எடுத்தது.

“அத்தே, லிஸ்ட்டு போட்டுக்கினே வந்துட்டோம். பேரு, வயசு, சைஸு எல்லாம் கீது. நீ வெட்டித் தெக்கிறதுதான் பாக்கி” என்றான் சரவணகுமார்.

மாணிக்கம்மாள் தாளை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தாள்.

“இந்த வயசெல்லாம் எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“ஸ்கூல் ரிஜிஸ்டர்லேர்ந்து பெரிம்மா” என்றாள் நதியா.

“அதான பாத்தேன். ஊர்ல பாதிப் புள்ளைங்க ஜூன் அஞ்சாம் தேதி பொறந்துகீதுங்க. அன்னிக்கு மருத்துவச்சிக்கு சோறு துன்னக்கூட நேரம் இருந்திருக்காதே.”

நதியா சிரித்துவிட்டாள். அவளுடைய பிறந்த நாளும் ஜூன் ஐந்துதான். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிக்கொள்ளும் தேதி அது. பிள்ளை ஐந்து வயதானதுபோல் தெரிந்தால் ஐந்து என்று எழுதுவார். பெற்றவர்களுக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததில்லை.

“ரிஜிஸ்டருக்குத் தெச்சா ரிஜிஸ்டருக்குத்தாண்டா போட்டுவுடணும். புள்ளைங்கள அளக்கணும்.”

“அளந்தா தெரிஞ்சிடும் அத்தே. விழா அன்னிக்குத்தான் தெரியணும்னு பிளான்.”

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த வருஷம் மன்றம் சார்பில் இலவசமாக டக்கு பிரித்துத் தரப்படும் என்று மன்றப் பையன்கள் வீடு வீடாகச் சொன்னார்கள். அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். மாணிக்கம்மாள் ஒவ்வொன்றையும் நிற்கவைத்து, பழைய உடுப்பின் மேல் ஊசி குத்தி, எதுவரை வரவேண்டும் என்று சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டாள். அந்தக் கோடுதான் புது உடுப்புக்கும் அளவு. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

முப்பத்தாறு பிள்ளைகள் வந்தன. முப்பத்தேழாவது உடுப்பு மட்டும் பிள்ளை இல்லாமல் சரவணகுமாரின் வண்டியில் வந்தது. அவனுடைய அக்கா மங்கம்மாளின் மகள் பிரியதர்ஷினியின் பாவாடை. அந்த மெரூன் பாவாடை.

“டக்கு பிரிக்க வேணாமாம். கொக்கி மட்டும் வெச்சுக் குடுத்தா போதும்னு அக்கா சொல்லிச்சு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தச் சொல் அப்போது அவள் காதில் விழுந்தது. மூன்று நிறத் தையலைத் தடவிய பிறகுதான் மனதில் விழுந்தது.

போன வருஷமும் மங்கம்மாள் அதையேதான் சொன்னாள். இருக்கிறதே சரியாக இருக்கிறது, வேண்டாம் என்று.

வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் மாணிக்கம்மாள் அந்த நிமிஷமே எழுந்து போய்க் கேட்டிருப்பாள். மங்கம்மாள் வீட்டு வாசலை மிதிக்க அவளுக்குத் தயக்கம் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன், மங்கம்மாள் பதினேழு வயதுப் பெண்ணாகத் திருப்பூர் மில்லிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, மாணிக்கம்மாள் அவளுக்கு ஒரு ரவிக்கைக்கு அளவெடுத்தாள். எடுத்துவிட்டு, துணி பற்றாதே என்ற கவலையில் பக்கத்திலிருந்த பெண்களிடம், “இடுப்பு ரெண்டு இஞ்ச் பெருத்துகீதே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மில் விடுதியில் மூன்று வேளையும் சோறு தின்று பெருத்த இடுப்பு அது. அந்தச் சொல் குழாயடிக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறொன்றாகிவிட்டது. ஒரே மாதத்தில் மங்கம்மாளின் அப்பா அவளை மில்லுக்குத் திருப்பி அனுப்பாமல் காசிக்குக் கட்டிவைத்தார். காசி நல்லவன்தான். ஆனால் மங்கம்மாள் பிறகு ஒன்பது வருஷம் தன் துணிகளை வேறெங்கோ தைத்துக்கொண்டாள். பாவாடைக்காகத் திரும்பி வந்தபோதுகூட அத்தை என்று கூப்பிடவில்லை, டைலரம்மா என்றாள்.

அந்த நாளிலிருந்து, டேப் சொல்வதை வெளியே சொல்வதில்லை என்று மாணிக்கம்மாள் வைத்திருந்தாள். யாருக்கு மார்பு வற்றியது, யாருக்குத் தோள் இறங்கியது எல்லாம் அவளுக்குத் தெரியும். துணியில் மட்டும் சரிசெய்து கொடுப்பாள்.

இதைத் துணியில் சரிசெய்ய முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பள்ளிக்கூடத்துக் கொடித்துணியைத் தைத்துத் தருகிறேன் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு போனாள். பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பிரியதர்ஷினி கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, ஓடுகிறவர்களுக்கு யார் அவுட், யார் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீ ஆடல?”

“நான்தான் அம்பேரு.”

“எறங்கு. ஒரு நிமிஷம் நில்லு, இன்னமோ ஒட்டிக்கினுகீது.” மாணிக்கம்மாள் கையிலிருந்த நூலை அவள் இடுப்பில் வைத்து கணுக்கால் வரை இறக்கி, நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்துக்கொண்டாள்.

“டேப்பு தொலஞ்சு பூட்ச்சா டைலரம்மா? நூல வெச்சு அளக்கிற” என்றாள் பிரியதர்ஷினி.

“யார்றீ அளந்தா?”

“எனக்குத் தெரியும். எல்லாத்துக்கும் துணி தெக்கிற. மாமா வண்டியில ஊதாக் கலரு பாத்தேன். எனக்கு ஊதாதான் வேணும், பச்ச வேணாம்.”

வாய் இப்படிப் பேசுகிறது. கண்ணும் தெளிவாக இருக்கிறது. நோயுள்ள பிள்ளை இப்படியா பேசும்? ஆனால் சுவரிலிருந்து இறங்கியவள் மறுபடி ஏற இரண்டு தடவை முயன்று, மூன்றாம் தடவை கூட நின்ற ஒரு பெண் தூக்கிவிட்டுத்தான் ஏறினாள். அவளைத் தூக்கியவள் ஒரு வகுப்பு கீழே படிக்கிறவள்.

ஆசிரியரிடம் கேட்டாள். பதிவேட்டில் பிரியதர்ஷினிக்குப் பத்து வயது. “தப்பா எழுதியிருப்பாங்கம்மா. நாலு வயசிலேயே கொண்டாந்து சேத்திருப்பாங்க” என்றார் அவர். பிள்ளைகளை எடை பார்க்க ஆஸ்பத்திரி வேன் வந்தபோது அட்டையில் ஆதார்படி எட்டு வயது என்று எழுதியிருந்தார்கள். எட்டுக்கு அவள் உயரம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார்களாம். ஊருக்கு வரும் நர்ஸம்மாவிடம் போய், பெயர் சொல்லாமல், ஒரு பிள்ளை வளராமல் நின்றால் என்ன என்று கேட்டாள். “எத்தன வயசு?” என்றாள் நர்ஸம்மா. பத்தா, எட்டா? காசியும் குட்டை. அவன் அப்பனும் குட்டை. பத்து என்றால் ரொம்பக் குட்டை. எட்டு என்றால் சும்மா குட்டை. யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொரு காரணமும் கேட்கும்போது சரியாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து நூலை மெரூன் பாவாடைமேல் வைத்துப் பார்த்தாள். கிள்ளிய இடம் பாவாடை ஓரத்தில் வந்து நின்றது. இரண்டு வருஷத்தில் அரை விரற்கடைகூடக் கூடவில்லை.

இதற்கு வயது தேவைப்படவில்லை. ஆனால் இது என்ன என்றும் தெரியவில்லை.

அடுத்த எட்டு நாளில் முப்பத்தாறு உடுப்புகளைத் தைத்து முடித்தாள். காஜா எடுத்தாள், பொத்தான் வைத்தாள், டக்கு போட்டாள். ஊதாத் துணியில் ஒரு துண்டை மட்டும் மடித்துத் தனியாக வைத்தாள். லிஸ்ட்டில் உள்ள அளவுக்குத் தைத்தால் மேடையில் பிள்ளை பாவாடைக்குள் தொலைந்து போவாள், ஊர் சிரிக்கும். உடம்புக்குச் சரியாகத் தைத்தால் முப்பத்தேழில் சின்ன உடுப்பு அதுவாகத்தான் இருக்கும். உயரவரிசையில் நிற்கவைப்பார்கள். தன் வீட்டை மறுபடி டைலரம்மா அளந்துவிட்டாள் என்று மங்கம்மாள் நினைப்பாள். கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இரண்டு நாள் போனது.

அந்த இரண்டு நாளில்தான் அவள் கை வேறொரு வேலையைத் தானாகத் தொடங்கியது. மிஞ்சிய கரைத்துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் போன வருஷத் தையலுக்கும் இந்த வருஷச் சாக்கட்டிக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு ஒரு பட்டி வெட்டினாள். பெயரைப் பேனாவால் எழுதி, அந்தந்த உடுப்பின் மேல் ஊசியால் குத்தினாள். எதற்கு என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. முப்பத்தாறு பட்டிகள். சிலது ஒரு இஞ்ச், சிலது ஒன்றரை, மன்றத்துத் தலைவன் தம்பிக்கு இரண்டேகால்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு சரவணகுமாரும் நதியாவும் உடுப்புகளை எடுத்துப் போக வந்தார்கள்.

“பெரிம்மா, இது இன்னா துண்டு?” என்று நதியா ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள்.

“ஒரு வருசத்துல வளந்தது.”

நதியா எல்லாப் பட்டிகளையும் கழற்றித் தரையில் வரிசையாக வைக்கத் தொடங்கினாள். விளையாட்டாகத்தான் தொடங்கினாள். “இவன் பாரு, மூங்கில்மாரி போயிகிறான்!” சரவணகுமார் உடுப்புகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“அத்தே, ஒண்ணு கொறையுது. நம்ப பிரியாவுது எங்க?”

மாணிக்கம்மாள் மடித்த ஊதாத் துணியையும் மெரூன் பாவாடையையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பாவாடையின் உள்பக்கத்தைத் திருப்பி மூன்று தையலையும் காட்டினாள். வரிசையாகக் கிடந்த பட்டிகளைக் காட்டினாள்.

“இவளுக்குப் பட்டி வெட்டல. வெட்டறதுக்கு ஒன்னியும் இல்ல.”

அவன் கொஞ்ச நேரம் பாவாடையைப் பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியது.

“முப்பத்தேழு புள்ள கீது ஊர்ல. எங்க அக்கா வூட்டு மேல மட்டும் ஒனக்கு இன்னா அத்தே? அன்னிக்கு இடுப்ப அளந்த. இன்னிக்கு அது பொண்ண அளக்கிறியா?”

மாணிக்கம்மாள் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“அன்னிக்குத் தெரிஞ்சமாரி பேசினேன்டா. அது தப்பு. இன்னிக்கு எனக்கு ஒன்னுமே தெரியல. இது நோவா, வம்சமா, வயசு தப்பா, எனக்குத் தெரியல. தெரியலன்றதத்தான் ஒனக்குச் சொல்றேன். தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க.”

“நான் தெனம் அந்த வூட்லதான் சோறு துன்றேன். எனக்குத் தெரியாதா?” என்றான். கேட்டுவிட்டு, அந்தக் கேள்வி தனக்கே சரியாகப் படாததுபோல் நின்றான். பிறகு உடுப்பு எதையும் எடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நதியாவை ஏற்றிக்கொள்ளவும் மறந்துவிட்டான்.

நதியா பட்டிகளைப் பொறுக்கித் தன் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒன்று ஒட்டினாள். பிரியதர்ஷினி பெயருக்கு நேராக இடம் விட்டாள். “பெரிம்மா, இத்த வருசா வருசம் வெச்சிக்கலாமா?” என்று மட்டும் கேட்டாள். மாணிக்கம்மாள் கழற்றிய ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

அடுத்த நாள் காலை மங்கம்மாள் வந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியில் கையை ஊன்றி நின்றாள்.

“இன்னா சொல்லி அனுப்பின டைலரம்மா?”

“உள்ள வா மங்கா.”

“இங்கியே சொல்லு.”

“நான் ஒன்னியும் சொல்லி அனுப்பல. தையல காட்டினேன்.”

மங்கம்மாள் மெஷின்மேல் கிடந்த பாவாடையைப் பார்த்தாள். வந்து எடுத்தாள். திட்டப் போகிறாள் என்று மாணிக்கம்மாள் தயாராக இருந்தாள். அவள் பாவாடையின் ஓரத்தைத் திருப்பி, மஞ்சள் தையலின் மேல் விரலை வைத்துக்கொண்டு, மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? செருப்பு ரெண்டு வருசமா மாத்தல. அது தேஞ்சுதான் பூட்ச்சு, பத்தாம பூடல. அவுங்கப்பன் கையில சொன்னா, எங்க வூட்ல எல்லாம் பதினாலுக்கு மேலதான் ஒசரம் ஆவோம்ன்றான். எங்க அம்மா துன்னலன்னு சொல்லுது. அவ நல்லாத்தான் துன்றா. தூங்குறா, தூங்கிக்கினே இருக்கிறா. எனக்கு ஒன்னும் வெளங்கல.”

“அப்பறம் ஏன் பிரிக்க வேணாம்ன?”

“பிரிச்சா தரையில இழுக்குமே. இழுத்தா எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.” மங்கம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “டாக்டர் மொதல்ல வயசுதான் கேப்பாரு. நான் இன்னா சொல்வேன்? ஸ்கூல்ல பத்து, ஆதார்ல எட்டு. நான் பெத்து ஒம்போது வருசம்னு நெனைக்கிறேன், ராகி அறுப்பு சமயம். மூணு வயசு கீது எம்பொண்ணுக்கு. எத்த சொன்னாலும் பொய் சொல்றமாரி கீது.”

“வயசு சொல்லாத. இந்தப் பாவாடையக் காட்டு. ரெண்டு வருசம் முன்ன தெச்சது, இன்னிக்கும் இதான் அளவுன்னு சொல்லு. அது பொய்யில்ல.”

மங்கம்மாள் பாவாடையை மடித்து மெஷின்மேல் திரும்ப வைத்தாள். பிறகு எழுந்து, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வேலூருக்குப் போகிறோம் என்றாள். வெள்ளிக்கிழமைதான் விழா.

“அன்னிக்கேவா?”

“அன்னிக்குத்தான். ஒசரவாரியா நிக்க வெப்பாங்க. அவ அங்க நிக்க வேணாம்.” வாசல் தாண்டியவள் திரும்பினாள். “ஆனா அவ ஊதாப் பாவாடைன்னு ஒரே அழுவ. பஸ்ஸு ஏழரைக்கு.”

மாணிக்கம்மாள் மிச்சத் துணியை விரித்தாள். நீளத்துக்கு நூலை வைத்துக் கோடு போட்டாள். பிறகு மறுபடி நின்றுவிட்டாள். டக்குக்குத் துணி விடுவதா, வேண்டாமா?

விடாமல் தைத்தால் பிள்ளை இனி வளரமாட்டாள் என்று தானே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகும். விட்டுத் தைத்தால், அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் மங்கம்மாள் அந்த மூன்று நிறத்தையும் பார்த்துக்கொண்டே துவைக்க வேண்டிவரும். ஒன்று மட்டும் போடலாமா என்று யோசித்தாள். ஒன்று என்பது என்ன கணக்கு? மற்ற பிள்ளைகளுக்கு மூன்று போட்டது அவர்கள் எவ்வளவு வளர்வார்கள் என்று தெரிந்தா? அதுவும் தெரியாது. தெரியாமல்தான் எல்லாருக்கும் மூன்று.

மூன்றுக்கும் சேர்த்துத் துணி விட்டு வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை மலைமேல் இன்னும் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கொக்கியை வைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. மாணிக்கம்மாள் புதுப் பாவாடையையும் மெரூன் பாவாடையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினாள்.

பஸ் நின்றிருந்தது. காசி உள்ளே இருந்தான். மகளை மடியில் உட்காரவைத்திருந்தான். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சரவணகுமார் ஓட்டுநரிடம், “ரெண்டு நிமிசம்ணா, தோ வந்துக்கினே கீறாங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். தோளில் ஒரு பை இருந்தது.

“நீ எங்கடா? விழா யாரு நடத்துறது?”

“நதியா கீது, பசங்க கீறாங்க.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “இதுங்க ரெண்டும் ஆஸ்பத்திரில எங்க சீட்டு வாங்கறதுன்னு தெரியாம நின்னுக்கினு இருக்கும். அதான். எனக்கும் தெரியாது. கேட்டுக்கலாம்.”

மன்றத்துப் பையன்கள் இருவர் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்கள். “செயலாளர் இல்லாத விழாவா? மைக்குக்கு இன்னிக்குத்தான்டா நிம்மதி” என்று ஒருவன் சொன்னான். சரவணகுமார் கையை ஓங்கினான், ஆனால் சிரித்தான்.

சன்னல் வழியாகப் பிரியதர்ஷினி எட்டிப் பார்த்தாள். “ஊதாவா?”

“ஊதாதான்.”

மாணிக்கம்மாள் புதுப் பாவாடையை வெளியே எடுத்தாள். சன்னல் ஓரம் இருந்த மங்கம்மாள் கையை நீட்டி அதன் அடிப்பக்கத்தைத் திருப்பினாள். அவள் விரல் ஒவ்வொரு மடிப்பாகத் தொட்டுக்கொண்டு மேலே போனது. மஞ்சள், பச்சை, சிவப்பு.

“மூணும் வெச்சுட்டியா அத்தே?”

“எல்லாருக்கும் மூணுதான்.”

“இத்த எப்ப பிரிப்பாங்க?” என்று பிள்ளை கேட்டாள். ஓட்டுநர் பஸ்ஸைக் கிளப்பினார். மாணிக்கம்மாள் பாவாடையை மடித்துப் பழையதன்மேல் வைத்து, பையின் வாயைச் சுருக்கி, சன்னல் கம்பிகளுக்கு இடையே நீட்டினாள். மங்கம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.